வெள்ளைத் தோல், வெறுங்கை: அமெரிக்க மலைக்கிராமத்து ஏழைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கா என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது நம் வீட்டுப் பிள்ளைகள் வேலை பார்க்கிற ஊர்கள்தான். மலைச்சரிவிலும் பருத்திக்காட்டிலும் தலைமுறை தலைமுறையாக ஏழையாகவே இருந்துவரும் வெள்ளையர்களைப் பற்றித் தேர்தல் நேரத்தில் நான்கு வரி படிக்கிறோம். "ட்ரம்புக்கு ஓட்டுப் போடும் கூட்டம்" என்று ஒரு முத்திரை குத்திவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். அந்த முத்திரைக்குப் பின்னால் ஒரு நிலப்பறிப்புக் கதை இருக்கிறது. பெரும்பாலும் அப்பலாச்சிய நிலக்கரி மலைகளை வைத்தே இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். மற்ற இடங்களில் மங்கலாகத் தெரிவது அங்கே பட்டவர்த்தனமாகத் தெரியும்.

அமெரிக்காவில் வெள்ளையர்களும் ஏழைகளா? எத்தனை பேர்?

தலைக்கணக்கு எடுத்தால் அந்நாட்டு ஏழைகளில் பெரிய கூட்டமே அவர்கள்தான். அரசு வகுத்த வறுமைக் கோட்டுக்குக் கீழே சுமார் ஒன்றரைக் கோடி வெள்ளையர் இருக்கிறார்கள். இதில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரைச் சேர்க்கவில்லை. ஆனால் விகிதம் வேறு கதை சொல்லும். வெள்ளையர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவாகத்தான் ஏழைகள். கறுப்பினத்தவரில் அது பதினேழு, பதினெட்டு. இந்த இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடுபவர்களிடமிருந்து தள்ளி நிற்பது நல்லது.

அப்பலாச்சியா எங்கே இருக்கிறது?

நியூயார்க் மாநிலத்தின் தெற்கு ஓரத்தில் தொடங்கி மிசிசிப்பி வரை 13 மாநிலங்களைத் தொட்டுக்கொண்டு போகும் மலைப்பகுதி. முழு மாநிலமும் அதற்குள் அடங்குவது மேற்கு வெர்ஜீனியா ஒன்றுதான். கிழக்குக் கென்டக்கியும் தென்மேற்கு வெர்ஜீனியாவும் அதை ஒட்டியவை. இரண்டு மலைகளுக்கு நடுவே ஓடை ஓடும் குறுகிய பள்ளத்தாக்கை அங்கே 'ஹாலர்' என்பார்கள். ஒரு ஹாலரில் ஒரே வம்சத்துக்காரர்கள் வரிசையாகக் குடியிருப்பது வழக்கம். எல்லோரும் வெள்ளையர் என்று நினைத்துவிடக் கூடாது. நிலக்கரி வேலைக்குத் தெற்கிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பங்களும் இத்தாலி, ஹங்கேரிக் குடும்பங்களும் அங்கே உண்டு.

மலைக்குக் கீழே அவ்வளவு நிலக்கரி. மேலே இருப்பவர்கள் மட்டும் ஏன் ஏழை?

இதற்குப் பதில் ஒரு பத்திரத்தில் இருக்கிறது.

1880களிலிருந்து 1910கள் வரை நிலக்கரிக் கம்பெனிகளின் தரகர்கள் குதிரையேறி மலைமலையாகச் சுற்றினார்கள். ஒரு மலைவாசியிடம் போய், "நிலம் உங்களுடையதுதான், வீட்டில் இருங்கள், சோளம் போடுங்கள். அடியில் கிடக்கும் கல்லை மட்டும் எங்களுக்குக் கொடுத்துவிடுங்கள்" என்கிற மாதிரிப் பேச்சு. ஏக்கருக்கு அரை டாலர், நல்ல பேரம் பேசினால் சில டாலர். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நம் ஊர் கைநாட்டைப் போல ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார்கள். கையில் காசே புழங்காத ஊரில் அந்தப் பணம் பெரிதாகத்தான் தெரிந்திருக்கும்.

பத்திரத்தின் உள்ளே இருந்ததுதான் விஷயம். கரியை எடுக்கத் 'தேவையான, வசதியான' எதையும் கம்பெனி செய்துகொள்ளலாம். மரம் வெட்டலாம், தண்ணீரைத் திருப்பலாம், பாதை போடலாம், கழிவைக் கொட்டலாம். நஷ்ட ஈடு கேட்கக் கூடாது. எழுதிக் கொடுத்தவர் செத்த பிறகும் அவருடைய பேரப்பிள்ளைகளை அது கட்டுப்படுத்தும். குடைந்து எடுக்கும் சுரங்கமாக இருந்தவரை பாதிப்பு ஓரளவோடு நின்றது. பெரிய புல்டோசர்கள் வந்து மலையின் மேல்தோலையே உரித்துக் கரி எடுக்கும் முறை பரவியபோது, அந்தப் பழைய பத்திரமே அதற்கும் அனுமதி என்று கென்டக்கி நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. தாத்தா கைநாட்டு வைத்த காலத்தில் அப்படியொரு இயந்திரமே கிடையாது.

1965 நவம்பரில் கென்டக்கியின் நாட் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) ஆலி கோம்ஸ் என்ற 61 வயது விதவை தன் வீட்டுக்கு மேலே வந்த புல்டோசருக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். போலீஸ் அவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனது. நன்றி நவிலும் நாளன்று அவர் சிறைக்குள் சாப்பிடும் படம் பத்திரிகைகளில் வந்தது. இருந்தும், நிலத்துக்காரர் சம்மதிக்காமல் மேலிருந்து வெட்டி எடுக்கக் கூடாது என்று கென்டக்கி அரசியல் சட்டம் திருத்தப்பட்டது 1988இல்தான். வாக்கெடுப்பில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் திருத்தத்தை ஆதரித்தார்கள். அதற்குள் கரியில் பெரும்பங்கு ரயிலேறிப் போய்விட்டது.

இன்னொரு கணக்கும் உண்டு. அமெரிக்காவில் பள்ளிக்கூடம் நடப்பதற்கான பணத்தில் பெரிய பங்கு உள்ளூர்ச் சொத்து வரி. 1981இல் வெளியான ஓர் ஆய்வு ஆறு மாநிலங்களில் 80 கவுண்டிகளின் நிலப் பதிவேடுகளை அலசியது. நிலத்திலும் கனிமத்திலும் பெரும்பகுதி வெளியூர்க் கம்பெனிகளின் கையில் இருப்பதும், கனிமத்துக்கு அவர்கள் கட்டும் வரி அற்பம் என்பதும் அதில் வெளிப்பட்டது. நாட்டுக்கே மின்சாரம் கொடுத்த மலையில் பள்ளிக்கூடக் கூரை ஒழுகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கம்பெனி ஊர் என்றால் என்ன?

சுரங்கத்தை ஒட்டிக் கம்பெனி கட்டும் ஊர். வீடு, கடை, தேவாலயம், மருத்துவர் எல்லாம் கம்பெனியுடையவை. கூலியில் ஒரு பகுதியை 'ஸ்கிரிப்' என்ற உலோகக் காசாகக் கொடுப்பார்கள். கம்பெனிக் கடையில்தான் அது செல்லும், விலையைக் கம்பெனிதான் வைக்கும். வெடிமருந்துக்கும் மண்வெட்டிக்கும் கூட அந்தக் கூலியில் பிடித்தம். சங்கத்தில் சேர்ந்தால் வேலை போகும், வேலை போனால் அன்றைக்கே வீடும் போகும். சாமான்களைத் தெருவில் தூக்கிப் போடவென்றே பால்ட்வின்-ஃபெல்ட்ஸ் என்ற துப்பறியும் நிறுவனத்தின் அடியாட்களைக் கம்பெனிகள் வைத்திருந்தன.

இவர்கள் எதிர்த்துப் போராடவே இல்லையா?

துப்பாக்கி எடுத்துப் போராடினார்கள். உள்நாட்டுப் போருக்குப் பின் அமெரிக்க மண்ணில் நடந்த மிகப் பெரிய ஆயுத எழுச்சி இவர்களுடையதுதான்.

1920 மே 19. மேற்கு வெர்ஜீனியாவின் மிங்கோ கவுண்டியில் மேட்வான் என்ற சின்ன ஊர். சங்கத்தில் சேர்ந்த குடும்பங்களை வீட்டை விட்டுத் துரத்தப் பால்ட்வின்-ஃபெல்ட்ஸ் ஆட்கள் ரயிலில் வந்து இறங்கினார்கள். ஊர் போலீஸ் தலைவர் சிட் ஹாட்ஃபீல்ட் தொழிலாளிகள் பக்கம். மேயர் டெஸ்டர்மேனும் அப்படியே. வேலையை முடித்துவிட்டு ரயிலுக்குக் கிளம்பியவர்களை இருவரும் வழிமறித்தார்கள். முதல் குண்டு யாருடையது என்பது இன்றுவரை சண்டைக்குரிய கேள்வி. முடிவில் பத்துப் பிணங்கள்: துப்பறியும் ஆட்கள் ஏழு பேர், தொழிலாளிகள் இருவர், மேயர்.

அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று ஹாட்ஃபீல்ட் இன்னொரு வழக்குக்காக வெல்ச் ஊர் நீதிமன்றத்துக்குப் போனார். கையில் ஆயுதம் இல்லை, பக்கத்தில் மனைவி. படியேறும்போதே பால்ட்வின்-ஃபெல்ட்ஸ் ஆட்கள் அவரையும் நண்பர் எட் சேம்பர்ஸையும் சுட்டுக் கொன்றார்கள். ஒருவர் மீதும் குற்றம் நிரூபணமாகவில்லை.

மலை கொதித்துவிட்டது. அந்த மாதக் கடைசியில் சுமார் பத்தாயிரம் சுரங்கத் தொழிலாளிகள் மிங்கோவை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். சிறையில் கிடக்கும் தோழர்களை மீட்க வேண்டும், அங்கே போட்டிருந்த ராணுவச் சட்டத்தை உடைக்க வேண்டும். ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ள எல்லோர் கழுத்திலும் சிவப்புத் துண்டு. மலைக்காரர், கறுப்பினத்தவர், இத்தாலியர் எல்லோரும் ஒரே வரிசையில் போனார்கள். வழியில் லோகன் கவுண்டியில் ப்ளேர் மலை. அங்கே ஷெரிஃப் டான் சேஃபின், கரி முதலாளிகள் கொடுத்த பணத்தில் இயந்திரத் துப்பாக்கிகளோடு ஒரு தனிப் படையே நிறுத்தியிருந்தார். சண்டை நாள்கணக்கில் நடந்தது. வாடகை விமானத்திலிருந்து தொழிலாளிகள் மேல் குண்டு போட்டார்கள். தன் நாட்டுத் தொழிலாளிகள் மீதே விமானத்திலிருந்து குண்டு! கடைசியில் ஜனாதிபதி ஹார்டிங் ராணுவத்தை அனுப்பினார். தொழிலாளிகளில் பலர் முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பியவர்கள். அதே சீருடையைப் பார்த்துச் சுட அவர்களுக்கு மனம் வரவில்லை. துப்பாக்கியைக் காட்டில் ஒளித்துவிட்டு வீடு திரும்பினார்கள்.

அப்புறம் தேசத்துரோக வழக்குகள் வந்தன. பெரிய வழக்கில் விடுதலை கிடைத்தது, ஆனாலும் சங்கம் நொறுங்கிப்போனது. ரூஸ்வெல்ட் ஆட்சியில் 1933இல் சட்டம் மாறிய பிறகுதான் அது மறுபடி தலைதூக்கியது.

ரெட்நெக், அதாவது 'சிவப்புக் கழுத்து' என்ற வசவு அந்தச் சிவப்புத் துண்டிலிருந்து வந்ததா?

அப்படிச் சொல்வது பலருக்குப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும், ஆனால் சொல் அதைவிடப் பழையது. வெயிலில் குனிந்து வேலை செய்து பின்கழுத்து சிவந்துபோன விவசாயியைக் குறித்து 1890களிலேயே தெற்கில் புழங்கியிருக்கிறது. துண்டு கட்டியவர்கள் அதே சொல்லைப் பெருமையோடு சூடிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஒயிட் டிராஷ், அதாவது 'வெள்ளைக் குப்பை', 1830களிலேயே எழுத்தில் வந்துவிட்டது. ஹில்பில்லி என்பது மலைக்காரனைக் குறிக்கும் சொல். தனக்குத் தானே சொல்லிக்கொண்டால் செல்லம், அடுத்தவன் சொன்னால் அடிதடி.

சோம்பேறிகள், மந்த புத்திக்காரர்கள் என்கிறார்களே?

இந்தக் குற்றச்சாட்டின் வரலாறு சுவையானது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தெற்கத்திய ஏழை வெள்ளையர் வெளுத்துச் சோர்ந்து இருப்பார்கள், வேலை செய்ய வணங்க மாட்டார்கள், மண்ணைக்கூடத் தின்பார்கள் என்று நூறு ஆண்டுகளுக்கு மேல் எழுதிக்கொண்டே இருந்தார்கள். 1902இல் சார்ல்ஸ் ஸ்டைல்ஸ் என்ற ஒட்டுண்ணி ஆய்வாளர் இதற்குக் கொக்கிப்புழுதான் காரணம் என்று அறிவித்தார். செருப்பில்லாத கால், கக்கூஸ் இல்லாத வீடு. புழு பாதம் வழியே ஏறிக் குடலில் உட்கார்ந்து ரத்தத்தை உறிஞ்சும். 'சோம்பேறிக் கிருமி கண்டுபிடிப்பு' என்று செய்தித்தாள்கள் கேலி செய்தன. 1909இல் எண்ணெய்க் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லர் பத்து லட்சம் டாலர் கொடுத்து ஒழிப்புக் குழு அமைத்தார். பரிசோதித்த பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு நாற்பது பேர் வயிற்றில் புழு இருந்தது. மாத்திரை கொடுத்துக் கழிப்பறை கட்டியதும் 'பரம்பரைச் சோம்பேறித்தனம்' குறையத் தொடங்கியது.

அதே காலத்தில் பெல்லாக்ரா என்று ஒரு நோய். தோல் உரியும், வயிறு போகும், புத்தி பேதலிக்கும். அதையும் பரம்பரை நோய் என்றுதான் பலர் நம்பினார்கள். ஜோசஃப் கோல்ட்பெர்கர் என்ற அரசு மருத்துவர் 1915 வாக்கில் அது உணவுக் குறைபாடு என்று காட்டினார். விளைச்சலில் பங்கு கொடுத்துப் பிறர் நிலத்தில் பயிர் செய்த குடும்பங்கள் சோளமாவு, பன்றிக் கொழுப்பு, வெல்லப்பாகு இந்த மூன்றையே வருஷம் முழுக்கச் சாப்பிட்டன. வீட்டு வாசல்படி வரை பருத்தி நட வேண்டியிருந்தபோது கீரைப் பாத்திக்கு இடம் ஏது? இதில் கறுப்புக் குடும்பம், வெள்ளைக் குடும்பம் என்ற வித்தியாசம் நோய்க்குக் கிடையாது. தெற்கின் பெரிய மனிதர்களில் சிலருக்கு இந்த முடிவு அவமானமாகப் பட்டது. எங்கள் ஊரில் பட்டினியா என்று சண்டைக்கு வந்தார்கள்.

கட்டாயக் கருத்தடை செய்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. வெர்ஜீனியாவில் 1924இல் இதற்கென்றே சட்டம் போட்டார்கள். முதலில் மாட்டியவர் கேரி பக் என்ற ஏழை வெள்ளைப் பெண். வளர்ப்பு வீட்டில் இருந்தபோது அந்த வீட்டாரின் உறவினன் ஒருவன் பலாத்காரம் செய்ததில் கர்ப்பமானவர். 'மந்த புத்தி, ஒழுக்கக்கேடு' என்று முத்திரை குத்தி அவரையே காப்பகத்தில் அடைத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1927 மே மாதம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அறுவை சரிதான் என்று தீர்ப்பு வந்தது. "மூன்று தலைமுறை மூடர்கள் போதும்" என்று எழுதினார் நீதிபதி ஹோம்ஸ். அவர் சொன்ன மூன்றாம் தலைமுறை, கேரியின் மகள் விவியன், பின்னாளில் பள்ளியில் சிறந்த மாணவர் பட்டியலில் இடம்பிடித்தாள். எட்டு வயதில் நோயில் இறந்துபோனாள். வெர்ஜீனியாவில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேருக்கு இந்தக் கதி. நாடு முழுக்க 60,000க்கும் மேல். இதில் எல்லா நிறத்தவரும் உண்டு.

ஆனால் இவர்கள் கறுப்பினத்தவருக்குக் கொடுமை செய்தவர்கள் அல்லவா?

ஆமாம், மழுப்ப வேண்டியதில்லை. கும்பல் கொலைகளில் கயிறு பிடித்தவர்களில் ஏழை வெள்ளையரும் இருந்தார்கள். ஆனால் அந்தக் கொலைகளைத் தடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்த ஷெரிஃபும் நீதிபதியும் பண்ணையாரும் ஏழைகள் அல்ல.

இந்தப் பிளவு எப்படி வந்தது என்பதைக் கேட்பதுதான் பயனுள்ளது. 1676இல் வெர்ஜீனியாவில் நத்தானியல் பேக்கன் என்ற நிலக்கிழார் ஆளுநருக்கு எதிராகக் கலகம் செய்தார். பழங்குடிகள் மேல் படையெடுக்க விடவில்லை என்பதுதான் அவருடைய கோபம். புரட்சி வீரர் என்றெல்லாம் தூக்கி வைக்க வேண்டாம். ஆனால் அவர் பின்னால் ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஏழை வெள்ளையரும் கறுப்பு அடிமைகளும் சேர்ந்து நின்று தலைநகரை எரித்தார்கள். கடைசிவரை ஆயுதத்தைக் கீழே போட மறுத்த ஒரு குழுவில் எண்பது கறுப்பினத்தவர், இருபது ஆங்கிலேயக் கூலிகள். பண்ணை முதலாளிகளின் தூக்கம் கெட்டுப்போனது. அடுத்து வந்த சட்டங்கள், குறிப்பாக 1705ஆம் ஆண்டுச் சட்டம், வெள்ளைக் கூலிக்குச் சில உரிமைகளைக் கொடுத்து, கறுப்பினத்தவரிடமிருந்து எல்லாவற்றையும் பறித்தன. கூலி உயரவில்லை, அந்தஸ்து மட்டும் ஒரு படி உயர்ந்தது. கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ் 1935இல் இதற்கு ஒரு நல்ல பெயர் வைத்தார்: மனக்கூலி. நம் சாதி அடுக்கைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

அந்த மனக்கூலியும் அடிக்கடி பொய்த்தது. உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்கு அரசு கட்டாயப் படைச்சேர்க்கை கொண்டுவந்தது. 1862 அக்டோபரில், இருபது அடிமைகள் உள்ள பண்ணைக்கு ஒரு வெள்ளையருக்கு விலக்கு என்று சட்டம் போட்டது. "பணக்காரன் போர், ஏழையின் சண்டை" என்ற முணுமுணுப்பு அப்போது எழுந்தது. பிறகு கறுப்பினத்தவரின் ஓட்டைப் பறிக்கத் தென் மாநிலங்கள் கொண்டுவந்த, கட்டினால்தான் ஓட்டு என்ற தலைவரி, காசில்லாத வெள்ளையரின் ஓட்டையும் சேர்த்தே பறித்தது.

இரண்டு தரப்பும் சேர்ந்து நின்றதே இல்லையா?

ப்ளேர் மலையைச் சொன்னேன். 1934இல் ஆர்கன்சா மாநிலத்தின் டைரோன்ஸாவில் தொடங்கிய தெற்கத்தியக் குத்தகை விவசாயிகள் சங்கத்தில் இரு நிறத்தவரும் இருந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 1969 சிகாகோ. மலையிலிருந்து பிழைக்க வந்து அப்டவுன் பகுதியில் நெரிசலாக வாழ்ந்த வெள்ளை இளைஞர்கள் 'யங் பேட்ரியட்ஸ்' என்று ஓர் அமைப்பு வைத்திருந்தார்கள். சட்டையில் அடிமை முறைக்காகப் போரிட்ட தெற்கின் கொடி! அவர்களோடு பிளாக் பேந்தர் என்ற கறுப்பினப் போராட்ட அமைப்பின் உள்ளூர்த் தலைவர் ஃபிரெட் ஹாம்ப்டன் கூட்டணி வைத்தார். போலீஸ் அடியும் ஒழுகும் வீடும் இரு தரப்புக்கும் பொது என்று பேசிப் பேசியே சேர்த்தார். அந்த டிசம்பர் 4 அன்று விடியற்காலைச் சோதனையில் போலீஸ் அவரைச் சுட்டுக் கொன்றபோது அவருக்கு 21 வயது.

கம்பெனிகளைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாதா?

இழுத்தார்கள். 1972 பிப்ரவரி 26 அன்று லோகன் கவுண்டியின் பஃபலோ க்ரீக்கில், கரிக்கழிவு நீரைத் தேக்கிய மண் அணை உடைந்து 125 பேர் செத்தார்கள். "கடவுளின் செயல்" என்றது கம்பெனித் தரப்பு. மாநில அரசு பத்துக் கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. ஆளுநர் தன் பதவிக்காலம் முடியும் கடைசி நாட்களில் பத்து லட்சத்துக்குச் சமாதானம் ஆனார். 2010இல் அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்க வெடிப்பில் 29 பேர் மாண்டார்கள். கம்பெனித் தலைவராக இருந்த டான் பிளாங்கன்ஷிப்புக்குப் பாதுகாப்பு விதிகளை மீறச் சதி செய்த குற்றத்துக்கு ஓராண்டுச் சிறை. கரி முதலாளி ஒருவர் கம்பி எண்ணியதே அங்கே பெரிய செய்தி.

சுற்றுச்சூழல் சட்டங்களால்தானே வேலை போனது?

அப்படித்தான் விளம்பரப் பலகைகள் சொல்லும். கணக்கு வேறு. 1950இல் சுரங்கத் தொழிலாளர் சங்கமே முதலாளிகளோடு ஓர் ஒப்பந்தம் போட்டு இயந்திரமயமாக்கலை ஏற்றுக்கொண்டது. மிஞ்சியவர்களுக்கு நல்ல சம்பளம், மருத்துவமனை, ஓய்வூதியம். மற்றவர்களுக்கு ஊரை விட்டுப் போகும் பஸ். பிறகு வயோமிங்கின் மலிவான கரி வந்தது, அப்புறம் பாறையை உடைத்து எடுக்கும் எரிவாயு வந்தது. சட்டங்களும் ஓரளவு காரணம்தான், ஆனால் கடைசியாக வந்து சேர்ந்த காரணம்.

மேற்கு வெர்ஜீனியாவின் மெக்டவல் கவுண்டியைப் பாருங்கள். 1950இல் மக்கள்தொகை ஒரு லட்சத்தை ஒட்டி. 2020இல் இருபதாயிரத்துக்கும் கீழே. 1961இல் கென்னடி அரசு சோதனையாகத் தொடங்கிய உணவு ஸ்டாம்பு (ஏழைகள் உணவு வாங்க அரசு தரும் கூப்பன்) திட்டத்தில் முதல் ஸ்டாம்புகளைப் பெற்றது இந்தக் கவுண்டிக் குடும்பம் ஒன்றுதான். பின்னாளில் வால்மார்ட் வந்து சிறு கடைகளின் வியாபாரத்தை இழுத்துக்கொண்டது. 2016இல் அதுவும் மூடிக்கொண்டு போய்விட்டது.

மிச்சமிருக்கும் வேலையும் நுரையீரலைத் தின்கிறது. நல்ல கரி தீர்ந்துபோய் மெல்லிய படிவங்களைத் தோண்டுவதால் பாறைத் தூசு அதிகம். 25 ஆண்டுக்கு மேல் வேலை செய்த மத்திய அப்பலாச்சியத் தொழிலாளிகளில் ஐந்தில் ஒருவருக்குக் கருப்பு நுரையீரல் நோய் என்று அரசு ஆய்வு 2018இல் சொன்னது.

வலி மாத்திரை விவகாரம் என்ன?

1996இல் பர்டூ ஃபார்மா ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடிமையாக்கும் ஆபத்து மிகக் குறைவு என்று விற்பனைப் பிரதிநிதிகள் மருத்துவர்களிடம் சொன்னார்கள். உடல் நொறுங்கிய சுரங்கத் தொழிலாளிகளும் மரவெட்டிகளும் நிறைந்த ஊர்களில் வலி மாத்திரைக்குப் பஞ்சமில்லாத தேவை. விற்பனை கொடிகட்டிப் பறந்தது.

எரிக் ஐயர் என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் 2016இல் கணக்கை வெளியே எடுத்தார். ஆறு ஆண்டுகளில் மேற்கு வெர்ஜீனியாவுக்குள் வந்து இறங்கிய வலி மாத்திரைகள் 78 கோடி. மாநிலத்தின் மக்கள்தொகையோ 18 லட்சம். கைக்குழந்தை உட்பட ஆளுக்கு 433. மிங்கோ கவுண்டியில் கெர்மிட் என்று ஓர் ஊர், மேட்வானிலிருந்து அதிக தூரமில்லை. சுமார் 400 பேர் வசிக்கும் அந்த ஊரின் ஒரே ஒரு மருந்துக்கடைக்கு இரண்டே ஆண்டில் 90 லட்சம் மாத்திரைகள். விநியோகித்த மொத்த வியாபாரிகள் யாருக்கும் இது உறுத்தவில்லை. ஐயருக்கு அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது.

பர்டூ 2007இலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு, உயரதிகாரிகளின் பங்கையும் சேர்த்து 60 கோடி டாலருக்கு மேல் அபராதம் கட்டியிருந்தது. அந்த அதிகாரிகள் ஒருவரும் சிறைக்குப் போகவில்லை. நடுவயது வெள்ளையரின் இறப்பு விகிதம் குறைவதற்குப் பதில் ஏறுவதை ஆன் கேஸ், ஆங்கஸ் டீட்டன் என்ற பொருளியலாளர்கள் 2015இல் காட்டினார்கள். மாத்திரை, குடி, தற்கொலை ஆகிய மூன்றும்தான் முக்கிய காரணங்கள்.

வெள்ளையர் என்பதால்தானே இதற்கு இவ்வளவு அனுதாபம்?

நியாயமான கேள்வி. 1980களில் கிராக் (கொகெய்னிலிருந்து செய்யும் மலிவான கட்டி) போதை கறுப்பினப் பகுதிகளைச் சூறையாடியபோது 1986ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. ஐந்து கிராம் கிராக்குக்கு ஐந்தாண்டுச் சிறை. பணக்காரர்களின் கொகெய்ன் தூளாக இருந்தால் அதே தண்டனைக்கு 500 கிராம் வேண்டும். மாத்திரைக் காலத்தில் 'இது நோய், குற்றமல்ல' என்ற பேச்சு வந்தது. பேச்சு சரிதான், முப்பது ஆண்டு தாமதமாக வந்தது. மலையில் பிடிபட்ட ஏழை வெள்ளைப் பிள்ளைகளில் பலரும் சிறைக்குத்தான் போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, இவ்வளவு பட்டவர்கள் ஏன் ரிபப்ளிகன் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார்கள்?

நெடுங்காலம் போடவில்லை. 1988இல் டெமாக்ரட் வேட்பாளர் டுகாகிஸ் நாட்டில் பத்து மாநிலங்களில்தான் ஜெயித்தார், அதில் மேற்கு வெர்ஜீனியா ஒன்று. 1996இல் கிளின்டனுக்கும் போட்டார்கள். 2000இலிருந்துதான் திசை மாறியது. அதற்குள் சங்கம் சுருங்கிவிட்டது. ஓட்டு, செய்தி, நட்பு எல்லாம் முன்பு சங்கக் கூடத்தின் வழியாக வந்தன; அந்த இடத்தைத் தேவாலயமும் தொலைக்காட்சியும் துப்பாக்கிச் சங்கமும் நிரப்பின. கூடவே நகரத்துத் தலைவர்களின் வாய். கசப்பில் துப்பாக்கியையும் மதத்தையும் பிடித்துத் தொங்குகிறார்கள் என்று 2008இல் ஒபாமா; நிறைய சுரங்கத் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பப் போகிறோம் என்ற பொருளில் 2016இல் ஹிலரி. ஹிலரி அடுத்த வாக்கியத்தில் அவர்களை மறக்கக் கூடாது என்றுதான் சொன்னார். யார் காதில் விழுந்தது?

இனவெறியும் உண்டு, அதை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டால் விடை தப்பும். ஆனால் அதே 2016இல் டெமாக்ரட் உட்கட்சித் தேர்தலில், சோஷலிஸ்ட் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் பெர்னி சாண்டர்ஸ் மேற்கு வெர்ஜீனியாவின் 55 கவுண்டிகளிலும் ஜெயித்தார். நவம்பரில் ட்ரம்புக்கு நூற்றுக்கு 68. இன்னொன்று, பரம ஏழைகளில் பலர் யாருக்குமே போடுவதில்லை. நாட்டில் மிகக் குறைந்த வாக்குப்பதிவு நடக்கும் மாநிலங்களில் இதுவும் ஒன்று.

ட்ரம்போடு துணை ஜனாதிபதியாக ஜெயித்த ஜே.டி. வான்ஸ் இந்த மலைக்காரர்தானே?

பாதி. பிறந்தது ஒஹையோவின் மிடில்டவுன் என்ற எஃகு ஆலை ஊரில். தாத்தா பாட்டி கிழக்குக் கென்டக்கியின் ஜாக்சனிலிருந்து பிழைக்கப் போனவர்கள். அப்படி மலையை விட்டு இறங்கி டெட்ராய்ட், சின்சினாட்டி என்று போனவர்கள் பல லட்சம் பேர். மக்களின் குணத்தைத் திருத்தினால் பாதிக் கஷ்டம் தீரும் என்பது அவர் பேசிவந்த பேச்சின் சாரம். கொக்கிப்புழுக் கதையைப் படித்த பிறகு எனக்கு அது செரிக்கவில்லை.

நம்மவர்களுக்கு இதில் ஏதாவது தொடர்பு?

மருத்துவர்கள். 1965இல் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகு, அமெரிக்க மருத்துவர்கள் போக விரும்பாத கரி ஊர்களுக்கு இந்திய மருத்துவர்கள் நிறையப் போனார்கள். பயிற்சி விசாவில் வருபவர்கள் மருத்துவர் பற்றாக்குறை உள்ள இடத்தில் மூன்று ஆண்டு வேலை செய்தால் நாடு திரும்ப வேண்டியதில்லை என்ற ஏற்பாடு 1994இலிருந்து இருக்கிறது. சுரங்கத் தொழிலாளியின் எக்ஸ்ரேயைப் பார்த்துக் கருப்பு நுரையீரல் என்று சொல்பவர் ஓர் இந்தியராக இருப்பது அங்கே அதிசயமே இல்லை.

இப்போது அங்கே போராட்டம் எதுவும் நடக்கிறதா?

2018 பிப்ரவரியில் மேற்கு வெர்ஜீனியாவின் 55 கவுண்டி ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். பள்ளி நடக்காத நாட்களில் பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாதென்று சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு மறியலுக்குப் போனார்கள். ஐந்து சதவீதச் சம்பள உயர்வோடுதான் திரும்பினார்கள். பலர் கழுத்தில் சிவப்புத் துண்டு இருந்தது. அடுத்த ஆண்டு கென்டக்கியின் ஹார்லன் கவுண்டியில், கம்பெனி திவாலாகிச் சம்பளக் காசோலைகள் திரும்பி வந்ததும், தொழிலாளிகள் கரி ரயிலை மறித்துத் தண்டவாளத்தில் உட்கார்ந்துகொண்டார்கள்.

அந்தப் பக்கம் போனால் எதைப் பார்க்கலாம்?

மேட்வானுக்குப் போங்கள். 2015இல் திறந்த சுரங்கப் போர் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. பழைய தபால் நிலையக் கட்டடத்தின் செங்கல் சுவரில் 1920ஆம் ஆண்டுக் குண்டுகள் துளைத்த இடங்களை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். விரலை வைத்துப் பார்க்கலாம். ப்ளேர் மலை 2009இல் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் ஏறி, ஓராண்டு ஆவதற்குள் நீக்கப்பட்டது. மலையில் கரி எடுக்கும் திட்டங்கள் இருந்தன. வழக்காடி 2018இல்தான் மறுபடி ஏற்றினார்கள்.